பதினோரு குழிகளும் ஒரு கேன் அரக்குச் சாயமும்

அந்தப் பாறையைக் கண்டுபிடித்தது என் கண் இல்லை, என் பிட்டம். இதை அப்படியே எழுதினால் படித்தவர்கள் மத்தியில் மரியாதை போய்விடும் என்று ஆய்வேட்டின் முன்னுரையில் "கள ஆய்வின்போது கண்டறியப்பட்டது" என்று எழுதி வைத்தேன். அந்த ஆய்வேடே இப்போது இல்லை. மரியாதையைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் பிற்பாதி, ஆடி மாதம். குடும்பமே ஒரு வேனில் அடைத்துக்கொண்டு ஆரணியிலிருந்து படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஊர் வர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது டயர் பஞ்சர். டிரைவர் ஜாக்கியைத் தேடினார். ஜாக்கி ஆரணியில் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருந்தது. சித்தப்பா டிரைவரைத் திட்டினார், டிரைவர் வேன் ஓனரைத் திட்டினார், மற்றவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து அம்மனுக்கு முன்பே புளிசாதத்தை முடித்தார்கள். நான் அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்து, மரங்களுக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடந்த ஒரு பெரிய பாறையில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் ஒரு சுகம். எனக்கென்று அளவெடுத்த மாதிரி ஒரு பள்ளம். கையால் தடவினேன். சுற்றிலும் பாறை சொரசொரவென்று இருந்தது, நான் உட்கார்ந்த இடம் மட்டும் வழவழவென்று. எழுந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் படகு மாதிரி நீளமாக வரிசையாய்ச் சில. யாரோ லாரிக்காரரிடம் ஜாக்கி வாங்கி டயர் மாற்றி முடிக்கும்வரை எண்ணினேன். பதினொன்று.

அந்த வருடம்தான் வேலூரில் வரலாற்றில் எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். தலைப்பு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் எங்கோ படித்த ஒரு பத்தி ஞாபகத்துக்கு வந்தது. இரும்பு வருவதற்கு முந்தைய காலத்து மனிதர்கள், தரைப்பாறையில் தண்ணீரும் மணலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கல் கோடாரியைக் கூர் தீட்டினார்கள். தேய்த்த இடம் நீளக் குழியாக நின்றுவிட்டது. தானியம் அரைத்த இடம் அகலக் குழியாக நின்றுவிட்டது. அரைத்தவர்கள் போய்விட்டார்கள், பெயர் இல்லை, எலும்பு இல்லை, அரைத்த பள்ளம் மட்டும் மிச்சம். அந்தப் பத்தி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ராஜாக்களின் மெய்க்கீர்த்திகளை மனப்பாடம் செய்து செய்து அலுத்துப்போயிருந்தேன்.

வீட்டில் தலைப்பைச் சொன்னதும் அம்மா ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள். "ஊட்ல அம்மியாண்ட ஒரு நாளாவது ஒக்காந்திருப்பியா? சட்னி அரைன்னா மிக்சி இல்லியான்னு கேக்கறவ. எவளோ எப்பவோ பாறையில அரைச்சத ஆராய்ச்சி பண்ணப் போறாளாம். கேட்டுக்கோங்க!"

கேட்டுக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் தறிக்காரர்கள், மீதிப் பேர் தறிக்காரர்களுக்கு வேலை கொடுப்பவர்கள் அல்லது வேலை செய்து தருபவர்கள். அப்பா சாயக்காரர். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுத்து, கழியில் மாட்டி, கொதிக்கிற அண்டாவில் முக்கி முக்கி எடுப்பார். முள்ளிப்பட்டிலிருந்து நெசவாளர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அப்பாவின் கை முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். கல்யாண சீசனில் அரக்கு, மற்ற நாளில் பச்சையோ நீலமோ. நான் பிறந்தபோது என்னைத் தூக்கிய கை கத்தரிப்பூ கலரில் இருந்தது என்று அம்மா சொல்வாள்.

அந்தப் பட்டறைக்குள் நானும் போய் நின்றுவிடக் கூடாது, அதுதான் என் ஒரே லட்சியம். ஆவியும் சோடா வாடையும் எனக்கு ஆகாது. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் காலியாக இருந்தது, எம்.ஃபில். முடித்துக்கொண்டு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். ஆக, என் வாழ்க்கை அந்தப் பதினோரு குழிகளில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

மாதத்தில் இரண்டு மூன்று முறை பஸ் பிடித்துப் போய் அளந்தேன். அளக்கத் தையல்காரர் டேப். அங்கே ஆடு மேய்க்க ஒரு அம்மாள் வருவார், நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் குடியிருப்பில் வீடு. அவருடைய ஆடுகள் மழை பெய்தால் என் குழிகளில் தண்ணீர் குடிக்கும். முதல் நாள் நான் குனிந்து குனிந்து டேப் வைப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாத்த தொலச்ச?" என்றார்.

தொலைக்கவில்லை, ஆயிரக்கணக்கான வருஷம் முந்தி இங்கே ஜனங்க வந்து அரைச்சிருக்காங்க, அதை எழுதப்போறேன் என்றேன்.

"ஏன், அவங்க ஊட்ல கல்லு இல்லியா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத் தொடங்குவதற்குள் ஒரு ஆடு என் நோட்டுப்புத்தகத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. குழி ஐந்து, குழி ஆறு ஆகியவற்றின் அளவுகளை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர். ஆனால் எதையும் நம்பாதவர். வீட்டில் மனைவி காபி கொடுத்தால்கூட இது காபிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார் என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வோம். நான் வரைந்து கொண்டுபோன பாறைப் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"மழைத்தண்ணி வருஷக்கணக்கா நின்னாலும் பாறை இப்படித்தான் குழியாகும். இதெல்லாம் மனுஷன் அரைச்சதுதான்னு எப்படிச் சொல்றே?"

வழவழப்பு, வரிசை, அளவு என்று அடுக்கினேன்.

"அதெல்லாம் குழியைப் பத்தி. நான் ஆளைக் கேக்கறேன். இங்கே ஒரு ஆள் உட்கார்ந்து வேலை பார்த்தான்னா அந்த ஆள் எங்கே? ஆளைக் காட்டு."

பிறகு படத்தில் விரலை வைத்தார். இருப்பதிலேயே பெரிய அகலக் குழிக்கு மேல்புறத்தில், உள்ளங்கை அளவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள் போட்டிருந்தேன். பள்ளம் என்று சொல்ல முடியாது, லேசான தேய்வு. பன்னிரண்டு, பதிமூன்று என்று எண்ணும் போட்டிருந்தேன்.

"இது என்ன?"

அவர் கேட்ட தொனியில் எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்டதையெல்லாம் மனிதன் செய்தது என்று சொல்கிற ஆள் நான் இல்லை என்று காட்ட வேண்டும். "அது இயற்கை சார். கணக்கில் வேண்டாம்" என்று சொல்லி, அவர் மேஜைமேல் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டையும் அடித்தேன். அவர் முகத்தில் முதல் முறையாகச் சந்தோஷம் தெரிந்தது. ஆராய்ச்சி நேர்மை என்பது இதுதான் என்று பஸ்ஸில் திரும்பும்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.

சரி, பதினொன்றுக்காவது நல்ல போட்டோ கொண்டுவா, பார்க்கலாம் என்றார். கொண்டுபோனேன். சாம்பல் நிறப் பாறை, சாம்பல் நிறக் குழி. மூன்று ரோல் ஃபிலிம் கழுவியும் ஒன்றும் தெரியவில்லை. "பாறை நல்லா விழுந்திருக்கு" என்றார் பேராசிரியர்.

வெளிநாடுகளில் பாறைக் கீறல்களைப் படமெடுக்கும்போது சாக்பீஸ் தேய்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கியிருப்பாள். நான் சாயக்காரர் மகள். ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் எங்கள் வீட்டில் செய்கிற ஒரே காரியம் அதற்குக் கலர் ஏற்றுவதுதான்.

அடுத்த வருடம், ஆடி வெள்ளிக்கு முந்தின நாள். அது ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவேயில்லை. பட்டறையில் அண்டாவின் அடியில் அரக்குச் சாயம் மிஞ்சியிருந்தது. ஒரு கல்யாணத்துக்காக மொத்தமாய்ச் சாயம் ஏற்றிய மிச்சம். அப்பா ஆறட்டும் கொட்டலாம் என்று விட்டிருந்தார். அதைப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக்கொண்டேன். துணைக்கு எங்கள் தெருக்கோடி ஸ்டுடியோ போட்டோகிராபர். கல்யாணம், காதுகுத்து தவிர வேறெதையும் அவர் எடுத்ததில்லை. கேமராமேல் பட்டுவிடும் என்று கேனைத் தொடக்கூட மறுத்துவிட்டார். இடுப்பில் வைத்து நானே சுமந்தேன்.

பஸ்ஸில் மூடி கசிந்தது. இருக்கைக்கடியில் அரக்குச் சிவப்பாய் ஒரு கோடு முன்பக்கமாய்ப் போயிற்று. கண்டக்டர் அதைத் தொடர்ந்து வந்து என் காலடியில் நின்றார்.

"இன்னாம்மா இது, ஆடு எதுனா அறுத்துகினு வரியா?"

சாயம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆண்டவன் அன்றைக்கே அந்தக் கண்டக்டர் வாயால் எனக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், நான்தான் படிக்கவில்லை.

பாறையை விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு, பதினோரு குழிகளிலும் சாயம் ஊற்றினேன். அடித்துவிட்ட அந்த இரண்டில் ஊற்றவில்லை. இயற்கைக்கு எதற்குச் சாயம்? அளவு தெரிவதற்காக ஒவ்வொரு குழி ஓரத்திலும், தறியில் குறுக்கு நூல் ஓட்டுகிற மர நாடா ஒன்றை வைத்தேன். போட்டோகிராபர் வழக்கம்போல, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பட்டும்" என்றார், பாறையைப் பார்த்து. நானும் ஒரு படத்தில் நிற்க வேண்டும் என்று அடம் பிடித்தார். ஆள் இல்லாத போட்டோவை அவர் வாழ்நாளில் கழுவிக் கொடுத்ததில்லையாம்.

எடுத்து முடித்ததும் கழுவிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் இல்லை. ஆடிக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. மழை வந்தால் போய்விடும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா சாயம் ஏற்றிய நூல் தண்ணீரில் போய்விடுகிறது என்று முள்ளிப்பட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை சண்டைக்கு வருவார்கள். கல்லில் மட்டும் நிற்கவா போகிறது?

நின்றது.

திங்கட்கிழமை தெருவெல்லாம் அதே பேச்சு. படவேட்டுக்குப் போகிற வழியில் பாறையில் ரத்தம் ஊறி நிற்கிறதாம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆடு மேய்க்கிற அம்மாள்தான் முதலில் பார்த்தாராம். பார்த்ததும் சாமி வந்து ஆடிவிட்டாராம். படவேட்டு அம்மன் கதையில் தலையை வெட்டுகிற கட்டம் உண்டு, எல்லாருக்கும் தெரியும். ரத்தம் சிந்திய இடம் எது என்று ஜனங்களுக்கு வெகுநாளாக ஒரு குறை இருந்திருக்கிறது போல. நான் பதினோரு இடம் கொடுத்துவிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் கதை நேர்மாறு. குரங்கு பிடிக்கப் போனேன், அம்மனாய் முடிந்தது.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், அம்மா எலுமிச்சம்பழ மாலை கோத்துக்கொண்டிருந்தாள். "பேஜார் பண்ணாத, குளிச்சிட்டு கெளம்பு. நீ போயி அளந்துகினு இருந்த பாறைதானாமே. ஒனக்குத்தான் மொதல்ல காட்டியிருக்கா. நீ டேப்ப வெச்சிகினு ஒக்காந்துட்ட" என்றாள். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் போய்வந்தார்கள்.

சாயங்காலம் அப்பா பட்டறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துச் சொன்னார்.

"அரக்குல கருப்பு கொஞ்சம் தூக்கல். போன வாரம் நம்ம அடுப்புல ஏறின கலரு அது."

நான் அழுதுவிட்டேன். போட்டோவுக்காகத்தான் ஊற்றினேன், வேணுமென்று செய்யவில்லை என்று உளறினேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சனிக்கிழம ராத்திரி அங்க மழையாம். தெரியுமா? ஒரு சொட்டு போவல. கல்லுல புடிச்சிகினு கீது!" என்றார். "முள்ளிப்பட்டானுங்கள ஒரு நாளைக்கி வேன் வெச்சி இட்டுகினு போயி காட்டணும். எவன் சாயம் போவுதுன்றான்?"

அம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்று சேர்த்துக்கொண்டார். அவர் செய்த கலரை ஊரே விழுந்து கும்பிட்டது அவருக்கு வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதை அவர் வெளியில் சொல்லவும் முடியவில்லை. பாவமாக இருந்தது.

போட்டோக்கள் வந்தன. பிரமாதமாக இருந்தன. சாம்பல் பாறையில் பதினோரு அரக்குக் குழிகளும் ஓரம் சிந்தாமல் கச்சிதமாக நின்றன. பேராசிரியர் வரிசையாக மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார். இந்தக் கப்பல் மாதிரிக் கருவி என்ன என்று தறி நாடாவைக் கேட்டார். பிறகு, "வேற யுனிவர்சிட்டியிலேர்ந்து வர்ற புற ஆய்வாளரோடு நானே நேர்ல வந்து பார்க்கறேன். இது பெரிய விஷயம்மா" என்றார். அதை நான் கனவில்கூட எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைசுற்றியது, பயத்திலும் சுற்றியது.

அவர்கள் வந்தது கார்த்திகையில். இடையில் நான் பாறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மிஞ்சிப்போனால் நாலு எலுமிச்சம்பழம், ஒரு சூலம், கொஞ்சம் மஞ்சள் துணி இருக்கும், ஒதுக்கிவிட்டுக் காட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நாலு மாதத்தில் நம் ஜனங்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை வரலாறு படித்தவள் யோசித்திருக்க வேண்டும். தகரக் கூரை. இரும்புக் கம்பம். ஸ்பீக்கர். 'அருள்மிகு பாறையம்மன்' என்று போர்டு. யாரோ குழியில் கால் மடங்கி விழுந்தாராம். அதனால் ஆரணி ரைஸ் மில்காரர் ஒருவர் உபயமாக டைல்ஸ் போட்டுவிட்டார். குளியலறை டைல்ஸ், இளநீலத்தில் ரோஜாப்பூ. பத்துக் குழிகள் சிமெண்டுக்கு அடியில். நடுவில் அந்தப் பெரிய அகலக் குழி மட்டும் திறந்திருந்தது, அதுதான் அம்மன். அதற்கு மேல்புறம் கொஞ்சம் வெறும் பாறையாகவே நின்றது. டைல்ஸ் அதோடு தீர்ந்துவிட்டதாம்.

புற ஆய்வாளர் ரோஜாப்பூவைப் பார்த்து, "இது எந்தக் காலத்தைச் சேர்ந்தது?" என்றார். நக்கல் பிடித்தவர்.

பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெரிய குழிக்கு மேல்புறம் அந்த வெறும் பாறையில் நின்றார். நின்றவர் லேசாக வழுக்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா எண்ணெயா? வழுக்குது" என்றார். பிறகு அங்கேயே நின்றபடி என்னைப் பார்த்து, "எங்கேம்மா உன் பதினொண்ணு? ஆளைக் காட்டச் சொன்னேன். நீ குழியையே காட்ட மாட்டேங்கறியே" என்றார். குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம். அது கோபத்தைவிட மோசம்.

அப்போதுதான் நான் முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் டைல்ஸைப் பெயர்ப்பார்கள். பெயர்த்தால் குழி தெரியும். குழி தெரிந்தால் எனக்கு எம்.ஃபில். பூசாரியாக அங்கே நின்றது வேறு யாருமில்லை, ஆடு மேய்த்த அதே அம்மாள். நெற்றி நிறையக் குங்குமம். ஆடுகளை விற்றுவிட்டாராம். கும்பிட வந்த பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் அவரிடம் சொன்னேன். "இது ரத்தம் இல்லீங்க. சாயம். நான்தான் ஊத்துனேன். போட்டோ எடுக்க. எங்கப்பா பட்டறை அரக்குச் சாயம்."

கூட்டம் அடிக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால் அந்த அம்மாள் நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ கேன எடுத்தாந்தத நான்தான் பாத்தனே. அந்தாண்ட மேட்டுல ஆட்ட மடக்கிகினு நின்னேன்" என்றார். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. சாயக்காரன் பொண்ணு நீ. ஒங்க ஊட்ல பச்ச கீது, நீலம் கீது, மஞ்ச கீது. அல்லாத்தையும் உட்டுட்டு செவப்ப எடுத்தியே, ஏன்?"

அண்டாவில் அதுதான் மிஞ்சியிருந்தது என்றேன்.

"ஏன் அது மிஞ்சிச்சி?"

கல்யாண சீசன்.

"ஆடி மாசத்துல இன்னாடி கல்யாணம்?"

ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில்தான் நெய்வார்கள் என்று பதில் இருந்தது. ஆனால் கூட்டம் அதற்குள் குலவை போட்டுவிட்டது. ஒரு கிழவர் என் காலில் விழ வந்தார். பூசாரியம்மாள் என் நெற்றியில் ஒரு கை குங்குமத்தை அப்பினார். புற ஆய்வாளர் அவசரமாக ஜீப்புக்குப் போய்விட்டார்.

வேலூர் திரும்பும் வழியில் பேராசிரியர் என் நெற்றிக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "சாயம் ஊத்தின போட்டோவை நான் ஏத்துக்க முடியாதும்மா. இடத்தையும் காட்ட முடியல. வேற தலைப்பு பாரு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை.

நகராட்சிப் பழைய பதிவேடுகளை வைத்து ஏதோ எழுதி, இரண்டு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினேன். அதற்குள் கல்லூரி வேலை வேறொருத்திக்குப் போயிருந்தது. ஆரணியிலேயே ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆனேன். கல்யாணமும் ஆனது; அது தனி ஆராய்ச்சி, இங்கே வேண்டாம். படவேட்டு பஸ் அந்தப் புளியமரங்களைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ஒன்பது வருடம் அந்தப் பாறைமேல் எனக்கு அசல் வெறுப்பு இருந்தது. பாறை ஒன்றும் செய்யவில்லை, செய்தது நான்தான் என்று தெரிந்தும் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழில் என் வேலை நிரந்தரமானது. ஆர்டர் கையில் வந்த அன்றைக்கே அம்மா குண்டைப் போட்டாள். பாறையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். சாயக் கதை அவள் காதுக்கும் எப்போதோ போயிருந்தது, அவள் பக்தி குறையவில்லை. வேண்டுதல் யாருக்காகவோ அவர்களே போய்த் தம் கையால் ஒரு பிடி மஞ்சள் அரைத்து அம்மனுக்குச் சாத்த வேண்டும், அதுதான் அங்கே முறை. என் சாயத்தால் வந்த சாமி எனக்கு வேலை கொடுத்ததாம், அதற்கு நான் நன்றிக்கடன் செலுத்த வேண்டுமாம். முடியாது என்றேன். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். "போயிட்டு வா. கலரு இன்னும் கீதா பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அதற்காகப் போனேன்.

வரிசை நின்றது. பூசாரியம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். கையில் ஊறவைத்த மஞ்சளையும் ஒரு உருண்டைக் கல்லையும் கொடுத்தார்.

"நான் எங்கங்க அரைக்கறது?"

"இது இன்னா கேள்வி? அம்மன் மடியிலதான்" என்று பெரிய குழியைக் காட்டினார்.

குழியின் ஓரத்தில் அரக்கு இன்னும் இருந்தது, மங்கலாக. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் உட்கார்ந்து கல்லைத் தள்ளிப் பார்த்தேன். மஞ்சள் ஓடியது. மறுபக்கம் போனேன். கல் கையை விட்டு வழுக்கியது. பின்னால் அம்மா தலையில் அடித்துக்கொள்வது காதில் விழுந்தது. "அம்மியாண்ட ஒக்காந்திருந்தாத்தான தெரியும்!"

"மேலாண்ட வா. முட்டி போடு" என்றார் பூசாரியம்மாள்.

மேல்புறம் போனேன். டைல்ஸ் தீர்ந்துபோன அந்த வெறும் பாறையில் மண்டியிட்டேன். என் இரண்டு முட்டிகளும் எங்கோ போய்ப் பொருந்தின. இடம் குளிர்ச்சியாய், வழவழப்பாய் இருந்தது. கல்லைத் தள்ளினேன், சறுக்காமல் கீழ்நோக்கிப் போனது. இழுத்தேன், வந்தது. மஞ்சள் மசிந்தது.

புடவையை ஒதுக்கிக் குனிந்து பார்த்தேன். இடது முட்டிக்குக் கீழே ஒரு தேய்வு. வலது முட்டிக்குக் கீழே ஒரு தேய்வு. உள்ளங்கை அகலம், பக்கத்துப் பக்கத்தில். இந்த ஒன்பது வருடத்து முட்டிகள் கருங்கல்லைத் தேய்த்திருக்க முடியாது. சாயம் ஊற்றுவதற்கு முன்பே என் படத்தில் இவை இருந்தன. நான் எண் போட்டிருந்தேன். நானே அடித்தேன், சிவப்புப் பென்சிலால்.

ஆளைக் காட்டு, ஆளைக் காட்டு என்று பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வழுக்கியது எண்ணெயில் இல்லை. ஆயிரக்கணக்கான வருஷம் முந்தி இந்தக் குழியில் அரைத்த ஒருத்தி முட்டி போட்ட இடத்தின்மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறார். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம், எனக்கு அளவெடுக்கும் டேப் இருந்தது, எங்கள் இரண்டு பேரில் ஒருவர் ஒரே ஒரு நாள் குனிந்து எதையாவது அரைத்திருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை, அவளை இயற்கை என்று சொல்லி அடித்துவிட்டேனே என்றுதான் இருந்தது.

"ஜல்தியா ஆவட்டும்மா, பின்னால நிக்கறாங்க இல்ல?" என்றார் பூசாரியம்மாள்.

மஞ்சளை வழித்துச் சாத்திவிட்டு எழுந்தேன். அடுத்து ஒரு சின்னப் பெண், கல்யாணம் ஆகி ஒரு மாதம் இருக்கும், புதுத் தாலிச் சரடு. பக்கத்தில் நின்ற மாமியாரிடம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். என் கையிலிருந்து கல்லை வாங்கிக்கொண்டாள். கீழே பார்க்கவேயில்லை. பேசிக்கொண்டே மண்டியிட்டாள், முட்டி இரண்டும் நேராக அந்த இரண்டு இடத்தில் போய் உட்கார்ந்தன.